ஏழு வருடம், எட்டுத் தண்ணீர்

மார்ச் 2, சனி

திருச்சி வந்து சேர்ந்தேன். பஸ் ஸ்டாண்டுக்கு என்னை அழைக்க யாரும் வரவில்லை. அக்கா மகள் சுகந்திக்கு எழுதுகிற வேலை இருக்கிறதாம். ஆட்டோக்காரனிடம் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் என்று சொன்னதும், "புரொபசரா சார்?" என்று கேட்டான். நான் மறுக்கவில்லை. என் முகவெட்டு அப்படி.

அக்கா சொல்லித்தான் வந்திருக்கிறேன். "பிள்ளை மூணு வேளையும் பிஸ்கட்டைத் தின்னுக்கிட்டுக் கெடக்கா. நீ சும்மாத்தான இருக்க, போய் ஒரு மாசம் பொங்கிப் போடேன்" என்றாள். சும்மா இருக்கிறேனாம். சாத்தூரில் ரஞ்சிதா மார்க் ஃபினாயில் என்றால் தெரியாதவர் கிடையாது. விருதுநகர் கலெக்டர் ஆபீஸ் முழுக்க என் சரக்கில்தான் கழுவினார்கள். பட்டறையை மூடிவிட்டு இப்போது கொஞ்சம் ஓய்வில் இருக்கிறேன், அவ்வளவுதான். என் மனைவி ரஞ்சிதமும் கோவில்பட்டியில் அவள் தம்பி வீட்டில் ஓய்வில் இருக்கிறாள். எட்டு வருடமாக.

சுகந்தி டாக்டர் பட்டத்துக்கு எழுதுகிறாள். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, மற்றது. மார்ச் 28 மாலை ஐந்து மணிக்குள் புத்தகமாகக் கட்டிக் கொடுக்க வேண்டுமாம். ஏற்கெனவே இரண்டு தடவை நாள் நீட்டித்துவிட்டார்கள். இந்தத் தடவை தவறினால் பதிவே ரத்து. ஏழு வருடமும் போச்சு.

ஏழு வருடம்! நான் ஏழு நாளில் பட்டறை தொடங்கியவன்.

மார்ச் 3, ஞாயிறு

இவள் படிப்பது கெமிஸ்ட்ரி. நான் முப்பது வருடம் செய்ததும் கெமிஸ்ட்ரி. ஆகவே காலையிலேயே தொழில்முறையில் விசாரித்தேன்.

"பாட்டில், பீங்கான் எல்லாம் காலேஜ்ல இருக்காம்மா?"

"எனக்குப் பாட்டிலே கிடையாது மாமா. எல்லாம் கணக்குதான். கம்ப்யூட்டர் போடும்."

"அது போட்டா, நீ என்ன செய்வ?"

"அது போட்டது சரியான்னு பார்ப்பேன்."

"அது சரியா போட்டிருந்தா?"

"அப்படி நடந்ததில்ல மாமா."

பெயர்தான் சுகந்தி. அவள் செய்கிற கெமிஸ்ட்ரியில் வாசனை என்பதே இல்லை. நுரை இல்லை, கை எரிச்சல் இல்லை, சட்டையில் ஓட்டை இல்லை. மடிக்கணினித் திரையில் வெள்ளை உருண்டையும் சிவப்பு உருண்டையும் குச்சியில் குத்தி வைத்ததுபோல நிற்கின்றன. எத்தனை தண்ணீர் என்றேன். எட்டு என்றாள். எட்டு லிட்டரா என்றேன். எட்டு மூலக்கூறு என்றாள். அது எவ்வளவு வரும் என்றேன். ஒரு சொட்டில் கோடி கோடியில் ஒரு பங்குகூட வராதாம். நான் ஒரு காலையில் இருநூறு லிட்டர் கலக்குவேன். பட்டம் யாருக்கு என்று பாருங்கள்.

மார்ச் 5, செவ்வாய்

பால் தீய்ந்துவிட்டது. சுகந்தி அறைக்குள்ளிருந்து ஓடி வந்து அடுப்பை அணைத்தாள். "பக்கத்துலயே நிக்கிறீங்க மாமா, வாடை வரலையா?" என்றாள். யோசனையில் இருந்தேன் என்றேன். திருச்சிப் பால் தீய்ந்தாலும் வாசனை வராது, அவ்வளவு தண்ணீர்.

மார்ச் 7, வியாழன்

மத்தியானம் சாப்பிடும்போது, இந்த எட்டுத் தண்ணீரை வைத்து என்னதான் செய்கிறாய் என்று கேட்டேன். இவ்வளவு நாள் கேட்காதது என் பெருந்தன்மை.

"ப்ளீச்சிங் பவுடர் கரைச்ச தண்ணியில ஆசிட் பட்டா குளோரின் வரும்ல மாமா. அது எப்படி வருதுன்னு பார்க்கிறேன். ஒரு நொடியில கோடி கோடியில ஒரு பங்கு நேரம். அதுக்குள்ள எந்த அணு எதை விடுது, எது எதைப் புடிக்குதுன்னு."

"உலகத்துல வேற தலைப்பே கெடைக்கலையா?"

"நாலு குடுத்தாங்க. நான்தான் இதை எடுத்தேன்."

ரசத்தை ஊற்றிக்கொண்டாள். என்னைப் பார்க்கவில்லை. நானும் ரசத்தைத்தான் பார்த்தேன்.

இந்த ஊர்த் துவரம் பருப்பு வேகவே மாட்டேன் என்கிறது. இதைப் பற்றி யாராவது ஆராய்ச்சி செய்தால் நாலு பேருக்குப் பிரயோஜனம்.

மார்ச் 8, வெள்ளி

இன்று எழுத ஒன்றுமில்லை. சாம்பார்.

மார்ச் 10, ஞாயிறு

காலையிலிருந்து முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். தலையில் எண்ணெய் இல்லை, இரண்டு நாளாக அதே நைட்டி. என்ன என்றேன். "ரெண்டு வருது மாமா" என்றாள். பயந்துபோனேன். பிறகுதான் விஷயம் தெரிந்தது.

"செங்கோட்டையைத் தாண்டி கேரளா போற வழியில கணவாய் இருக்குல்ல?"

"நான் நடந்தே போயிருக்கேன்." (லாரியில் போனேன். லாரி பெரும்பாலும் நடைவேகம்தான்.)

"அங்க நின்னா ரெண்டு பக்கமும் மலை. ஏறித்தான் ஆகணும். முன்னாலயும் பின்னாலயும் மட்டும் இறக்கம். ஒரு பொருள் இன்னொரு பொருளா மாறுறதுக்கும் அந்த மாதிரி ஒரு கணவாய் உண்டு. அந்த எடத்தைத்தான் ஏழு வருஷமா தேடுறேன். அது கணவாய்தானான்னு எப்படித் தெரியும்னா, கம்ப்யூட்டர் ஒரே ஒரு கற்பனை அதிர்வெண் காட்டும். இறக்கம் எந்தப் பக்கமோ, அதுதான் கற்பனை."

"கற்பனையா?"

"கணக்குல அப்படித்தான் பேரு. ஒண்ணே ஒண்ணு இருக்கணும். இல்லவே இல்லைன்னா அது பள்ளம். ரெண்டு இருந்தா, கணவாய் இல்ல, ஏதோ உச்சியில நிக்கிறோம்னு அர்த்தம். எனக்கு ரெண்டு வருது. ரெண்டாவது சின்னது. பதினெட்டுதான். ஆனா இருக்கு."

"அட்டவணையில அந்தப் பதினெட்டை அழிச்சிரு. யாரு வந்து எண்ணப்போறா?"

சுகந்தி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அவள் அம்மா நான் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டைத் திருத்தியபோது பார்த்தது. (திருத்தவில்லை. மை கொட்டியது.)

"அழிச்சா போயிருமா மாமா?" என்றாள்.

மறுபடி முதலிலிருந்து, இன்னும் நுணுக்கமாகக் கணக்குப் போடப்போகிறாளாம். பத்து, பன்னிரண்டு நாள் ஆகும். ஒரு கற்பனைக்கு மேல் தாங்காத படிப்பை இன்றுதான் பார்க்கிறேன். என்னிடம் ஆயிரம் உண்டு, ஒரு தலைவலியும் வந்ததில்லை.

மார்ச் 12, செவ்வாய்

கீழ் வீட்டு ராயப்பன், ரயில்வேயில் ஓய்வு பெற்றவர், எங்கள் வீட்டுக்காரர். படிக்கட்டில் உட்கார்ந்து என் தொழிலைப் பற்றி விவரமாகக் கேட்டார். (நான்தான் தொடங்கினேன்.) இரண்டு மாவட்டக் கலெக்டர் ஆபீஸுக்குச் சரக்கு போட்டதைச் சொன்னேன். பட்டறையை ஏன் மூடினீர்கள் என்று கேட்டார்.

சொன்னேன். ரஞ்சிதம் நல்லவள்தான், ஆனால் அவசரக்காரி. ப்ளீச்சிங் கரைத்து வைத்திருந்த டிரம்மில் கக்கூஸ் கழுவுகிற ஆசிட்டைக் கொட்டிவிட்டாள். பச்சை மஞ்சளாகப் புகை எழுந்தது. நான்தான் உள்ளே பாய்ந்து அவளைத் தூக்கி வந்தேன். மூன்று தீயணைப்பு வண்டி. அன்றிலிருந்து அவளுக்கு மூச்சு இழுப்பு. என்ன செய்வது, பெண்பிள்ளைகளைத் தொழிலில் விட்டால் இப்படித்தான்.

ராயப்பன் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்.

மேலே கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த சுகந்தி எட்டிப் பார்த்தாள். "போன தடவை நாலு வண்டின்னு சொன்னீங்க மாமா" என்றாள். அவ்வளவுதான், உள்ளே போய்விட்டாள். வயதுக்கு மரியாதை கிடையாது.

மார்ச் 15, வெள்ளி

கணக்கு வரிசையில் நிற்கிறதாம். பல்கலைக்கழகத்தில் ஒரு பெரிய கம்ப்யூட்டர். எல்லாரும் அதில்தான் போட வேண்டும். நம் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். ரேஷன் கடையேதான், பாமாயில் மட்டும் இல்லை. வரிசைக்கு ஓர் ஆள் பேசத் தெரிந்தவன் வேண்டும் என்று நானே கிளம்பினேன். எலுமிச்சை சாதம் ஒரு தூக்கில் எடுத்துக்கொண்டேன்.

சுகந்தியின் கைடு ஹெப்சிபா மேடம். சின்ன உருவம், பெரிய கண்ணாடி. என்னைக் கண்டதும், "நீங்கதான் அந்த ஃபினாயில் மாமாவா?" என்றார். திருச்சி வரைக்கும் என் பெயர் வந்திருக்கிறது. அடக்கமாகத் தலையாட்டினேன்.

"உங்க வைஃப் எப்படி இருக்காங்க? மூச்சு பரவாயில்லையா?"

பரவாயில்லை என்றேன். எனக்கு எப்படித் தெரியும்?

"அவங்களை ஆஸ்பத்திரியில பார்த்துட்டு வந்துதான் இந்தப் பொண்ணு எங்கிட்ட ஆராய்ச்சிக்குச் சேர்ந்தா. சேர்றப்ப ஏன் இந்தத் தலைப்புன்னு கேட்டேன். அத்தைக்கு என்ன நடந்துச்சுன்னு தெரியணும், அப்படின்னா."

வரிசையைப் பற்றிப் பேசாமலே வந்துவிட்டேன். தூக்கையும் மேசையிலேயே விட்டுவிட்டேன். வரும்போது மேடம் பின்னாலிருந்து கூப்பிட்டு, "தமிழ்ச் சுருக்கம் ரெண்டு பக்கம் வேணும்னு சுகந்திகிட்ட ஞாபகப்படுத்துங்க. அவளுக்குத் தமிழ் எழுத வராது" என்றார்.

வராதுதான். எனக்கு வரும்.

மார்ச் 18, திங்கள்

தமிழ்ச் சுருக்கம் எழுதி முடித்தேன். பத்தாம் வகுப்பில் தமிழில் நான் எடுத்த மதிப்பெண்ணை அந்தப் பள்ளிக்கூடத்தில் இன்னும் பேசுகிறார்கள். மற்ற பாடங்களில் எனக்கும் பரீட்சை அதிகாரிகளுக்கும் கருத்து வேறுபாடு.

அவள் இங்கிலீஷில் இருப்பதைப் படித்துப் பொருள் சொன்னாள், நான் செந்தமிழில் இறக்கினேன். முன்னுரையில் ஒரு வாக்கியம். ஒரு சிறு ஃபினாயில் பட்டறையில், ப்ளீச்சிங் கரைசலோடு அமிலம் கலக்கப்பட்டதால் ஒரு பெண் பாதிக்கப்பட்டார். அதிலிருந்துதான் இந்த ஆய்வு பிறந்தது. இப்படி ஏதோ சொன்னாள். இங்கிலீஷில் யார் கலந்தது என்றே இல்லை. அந்தப் பாஷைக்கு அது பழக்கம்போல. ஆளே இல்லாமல் காரியம் நடந்துவிடும். தமிழில் அப்படி நழுவ முடியாது. வினைமுற்றின் வாலைப் பிடித்தாலே ஆணா பெண்ணா என்று தெரிந்துவிடும். அதனால் நான், "பட்டறைப் பெண் ஒருத்தி அவசரத்தில் அமிலத்தைக் கலந்தாள்" என்று போட்டேன். வாக்கியம் நிமிர்ந்து நின்றது.

மார்ச் 20, புதன்

சுகந்தி அதைத் தட்டச்சு செய்துகொண்டே வந்து அந்த வரியில் நிறுத்தினாள்.

"மாமா, இங்கிலீஷ்ல யாருன்னு சொல்லலையே."

"தமிழ்ல சொல்லணும்மா. அதுதான் இலக்கணம்."

"'கலக்கப்பட்டது'ன்னு போடலாமே."

"அது தமிழா? கருமாதிப் பத்திரிகை மாதிரி இருக்கும்."

மறுபடி படித்தாள். ஒரு விரலால் மேசையைத் தட்டிக்கொண்டே இருந்தாள்.

"சரி. தமிழ்ப் பக்கம் உங்க பொறுப்பு. நீங்க எழுதினபடியே அடிக்கிறேன்." பிறகு, "இதை அத்தைக்கு அனுப்பப்போறேன் மாமா. புக்கே அத்தைக்குத்தான் சமர்ப்பணம். இதுல அத்தையால படிக்க முடிஞ்சது இந்த ரெண்டு பக்கந்தான" என்றாள்.

நல்லது என்றேன். ரஞ்சிதம் எட்டாவது வரைக்கும் படித்தவள். படித்துவிட்டுப் போகட்டும்.

மார்ச் 21, வியாழன்

வயிறு சரியில்லை. மேடம் மேசையில் விட்ட தூக்குப் பாத்திரம் கழுவாமல் திரும்பி வந்தது காரணமாக இருக்கலாம்.

மார்ச் 22, வெள்ளி

பல்கலைக்கழகத்தில் கரண்ட் போய்க் கணக்கு பாதியில் நின்றுவிட்டது. சுகந்தி அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சமாதானம் சொல்லத் தெரியும். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பிறகு பாதியில் விட்ட இடத்திலிருந்து மறுபடி ஓட விட்டாள்.

"பதினெட்டோட குடுத்தா என்னம்மா ஆகும்?" என்றேன், மெதுவாக.

"ஒண்ணும் ஆகாது. பாதிப் பேர் கவனிக்கவே மாட்டாங்க."

"பின்னே?"

"எனக்குத் தெரியுமே மாமா."

இந்த மாதிரி ஆட்கள்தான் கடைசி வரைக்கும் வாடகை வீட்டில் இருக்கிறார்கள்.

மார்ச் 24, ஞாயிறு

ஓடுகிறது.

மார்ச் 25, திங்கள்

ஓடுகிறது. புளிக்குழம்பு வைத்தேன். உப்பு இரண்டு தடவை போட்டுவிட்டேன் என்றாள். இருக்காது.

மார்ச் 26, செவ்வாய்

ஒன்று!

மத்தியானம் இரண்டரைக்கு முடிந்தது. ஆறாயிரம் வரி ஓடுகிற ஒரு கோப்பைக் கீழே கீழே தள்ளிக்கொண்டே போய் நிறுத்தினாள். நான் பின்னால் நின்றேன். ஒரே ஓர் எண்ணுக்கு முன்னால்தான் கழித்தல் குறி இருந்தது. கற்பனை என்பதை அந்தப் பெட்டி அப்படித்தான் அச்சடிக்குமாம். பதினெட்டு போயே போய்விட்டது.

"கணவாய்தான் மாமா" என்றாள். ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தாள். பிறகு திரையில் அந்த உருண்டைகளை ஓட விட்டுக் காட்டினாள். ஒரு சின்ன வெள்ளை உருண்டை ஆசிட்டை விட்டுவிட்டுத் தண்ணீர் வழியாகக் கைமாறிக் கைமாறிப் போகிறது. இரண்டு பச்சை உருண்டைகள் நெருங்கி ஒட்டிக்கொள்கின்றன. குளோரின். முன்னும் பின்னுமாகத் திரும்பத் திரும்ப அதே அசைவு.

"இவ்வளவுதானா?" என்றேன்.

"இவ்வளவுதான். இது நடக்கும்போது அத்தை டிரம்முக்கு எவ்வளவு தூரத்துல நின்னாங்க மாமா?"

உள்ளே பின்சுவருக்குப் பக்கத்தில் என்று சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. டிரம்முக்கும் பின்சுவருக்கும் பதினைந்து அடி.

அட்டவணையைத் திருத்தப் போய்விட்டாள். நான் வைத்த தயிர் சாதம்தான் வேலை செய்திருக்கிறது என்பதை மட்டும் இங்கே குறித்து வைக்கிறேன்.

மார்ச் 28, வியாழன்

காலை பத்து மணிக்கே பைண்டிங் கடை. ஐந்து பிரதி. ஒவ்வொன்றும் இருநூற்றுப் பதினெட்டுப் பக்கம். கறுப்பு அட்டையில் தங்க எழுத்து. கடைக்காரர் லூயிஸ், காதில் பென்சில், வாயில் பேச்சு. இந்தக் கடையில் டாக்டர் ஆனவர்கள் பட்டியலை ஒப்பித்துக்கொண்டே இருந்தார். எனக்குப் பேச இடமே கொடுக்கவில்லை. இப்படி ஓர் ஆளை நான் வாழ்க்கையில் பார்த்ததில்லை.

ஒரு மணிக்கு அச்சு முடிந்தது. சுகந்தி பக்கங்களை எண்ணினாள். முன்பக்கத்தில் சமர்ப்பணம்: என் அத்தை ரஞ்சிதத்துக்கு. அடுத்தது தமிழ்ச் சுருக்கம். என் எழுத்தை அச்சில் பார்ப்பது இது முதல் தடவை. (லேபிளைச் சேர்க்காமல்.) நின்றுகொண்டே படித்தேன். நல்ல நடை. மூன்றாவது வரியில் கண் நின்றது. மேலே போகவில்லை.

லூயிஸ் பசை வாளியைத் திறந்தார்.

"சுகந்தி, நிறுத்தச் சொல்லும்மா."

"ஏன் மாமா?"

"ஒரு எழுத்துப் பிழை."

"எங்க?"

"மூணாவது வரி. 'ள்' போட்டிருக்கேன். 'ன்' வரணும்."

சுகந்தி அந்தத் தாளை வாங்கிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். ஒரு வரியைப் படிக்க அவ்வளவு நேரமா?

"'பெண் ஒருத்தி'ன்னு இருக்கே மாமா. அதோட 'கலந்தான்' சேராதே."

"அதையும்தான் எடுக்கணும்."

"என்ன போட?"

"'பட்டறைக்காரன்.'"

லூயிஸ் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். முதல் தடவையாக வாயை மூடினார்.

"பேரு போடணுமா மாமா?"

"வேணாம். பெருமை அடிச்சுக்கிட்ட மாதிரி இருக்கும்."

சுகந்தி சிரிக்கவும் இல்லை, கண் கலங்கவும் இல்லை. "அந்த ஆசிட் கேன் முப்பத்தஞ்சு லிட்டர். அத்தையால அதைத் தூக்கியிருக்கவே முடியாதுன்னு எனக்கு அப்பவே தெரியும்" என்றாள். இவ்வளவு துல்லியமாகக் கேனின் கொள்ளளவை ஞாபகம் வைத்திருக்கும் பெண்ணை யார் கட்டிக்கொள்வார்கள் என்று தெரியவில்லை.

"அவசரத்துல பார்க்கலைம்மா" என்றேன். "ஆசிட்டும் தண்ணியும் ஒரே நெறக் கேன். புகையைப் பார்த்ததும் வெளிய வந்துட்டேன். நான் முதல்ல வந்துட்டேன். அவ..."

"சரி மாமா. டைப் பண்றேன்."

அப்போது மணி இரண்டு பத்து. ஐந்து பிரதியிலும் அந்தப் பக்கத்தை உருவி மறுபடி அச்சடிக்க வேண்டும். இரண்டே காலுக்குக் கரண்ட் போனது. மூன்றுக்கு வந்தது. லூயிஸ் பசை காய மின்விசிறியை மேசை மேல் ஏற்றி வைத்து, இரும்புக் கட்டையால் அழுத்திக்கொண்டே, "ஒரு எழுத்துக்கு இந்தப் பாடா சார்?" என்றார். தமிழ் அருமை தெரியாதவர்.

நாலு ஐம்பத்திரண்டுக்கு அலுவலக ஜன்னலில் கொடுத்தோம். உள்ளே இருந்த அம்மாள் ஐந்திலும் முத்திரை குத்தினார். பசை இன்னும் ஈரமாகத்தான் இருந்தது. வாசனை எப்படி என்று சுகந்தியிடம் கேட்டேன்; என் மூக்குக்கு எட்டவில்லை. ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு, "புளிச்ச மாவு மாதிரி மாமா" என்று சொன்னாள்.

மார்ச் 29, வெள்ளி

புனித வெள்ளி. ராயப்பன் வீடு அமைதியாக இருந்தது.

சுகந்தி காலையிலேயே அந்த இரண்டு பக்கத்தைப் படமெடுத்துக் கோவில்பட்டிக்கு அனுப்பிவிட்டாள். என்னைக் கேட்கவில்லை. பத்து மணிக்கு அவள் போன் அடித்தது. எடுத்துப் பேசினாள், "இந்தாங்க" என்று என்னிடம் நீட்டினாள். மாவாட்டிக்கொண்டிருந்தேன். கையைக்கூடத் துடைக்க விடவில்லை.

ரஞ்சிதம் இப்போது ஒரு வாக்கியத்தை இரண்டு மூச்சில்தான் சொல்கிறாள். இது எனக்குத் தெரியாது.

"படிச்சேன்."

"ம்."

"பன்னெண்டு பெழை... இருக்கு."

"எங்க?"

"முயற்சிக்கு... நடுவுல ஒரு 'ச்' எதுக்கு? அதிர்வெண்ணுக்கு ரெண்டு சுழி... போட்டிருக்கீக. மூணு சுழில்லா வரணும்? எந்த வாத்தியார்... சொல்லிக் குடுத்தாரு?"

"அச்சுல நேர்ந்தது" என்றேன்.

"அச்சுலயா." இருமினாள். நான் காத்திருந்தேன். கிரைண்டர் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. "அந்தக் 'கலந்தான்'ல... இருக்கிற ரெண்டு சுழி மட்டும்... சரியான எடத்துல இருக்கு. எட்டு வருசம் கழிச்சு... ஒரு எழுத்து ஒழுங்கா எழுதியிருக்கீக."

வைத்துவிட்டாள். போனில் மாவு ஒட்டியிருந்தது.

எட்டாவது படித்தவள் எனக்குப் பிழை திருத்துகிறாள். பன்னிரண்டு இருக்காது, அதிகம் போனால் ஒன்பது. அவளுக்கு எதையும் கூட்டிச் சொல்லித்தான் பழக்கம்.

நாளைக் காலை ஏழு மணி பஸ்ஸில் கோவில்பட்டி போகிறேன். கடலை மிட்டாய் வாங்கத்தான். சாத்தூரில் கிடைப்பது பல்லில் ஒட்டுகிறது.